சம்மட் என்றால் சம்மதமா?

தாம்பரம் ரயில் நிலையத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துத் தூணுக்குப் பின்னால் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். மழை இல்லை. மேலே கூரை இருந்ததால் வெயிலும் இல்லை. கூரைக்கு அடியில் ஒரு பெண் குடை விரித்து நின்றால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற சின்ன அறிவுகூட அன்றைக்கு எனக்கு இல்லை. என் முகம் மறைந்தால் போதும் என்றிருந்தது.

இருபது அடி தள்ளி என் தங்கை சாரதா நின்றிருந்தாள். மாம்பழ நிறத்தில் கஞ்சி போட்ட வாயில் புடவை, தலையில் கனகாம்பரம், தோளில் ரெக்சின் பை. ஞாயிற்றுக்கிழமை காலை, மணி ஏழே முக்கால் ஆகப் போகிறது. அவள் ரயில் வருகிற திசையைப் பார்க்கவில்லை. மேம்பாலத்துப் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்கோ காத்திருக்கிறாள் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

என் கைப்பையில் அவளுடைய கம்பெனி கேட் பாஸ் இருந்தது. அவள் குளிக்கப் போனபோது நான்தான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இதை நேராகச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய கிணற்றடித் தகராறைப் படித்துவிட்டு ஒரு வாசகி, “எல்லா வாரமும் நீங்களே நல்லவராக வருகிறீர்களே, எப்படி?” என்று கேட்டு எழுதியிருந்தார். பாராட்டா, குத்தலா என்று மூன்று தடவை படித்துப் பார்த்தேன். குத்தல்தான் என்று முடிவு செய்தேன். அதனால்தான் இந்த வாரம் இது.

அம்பு ஒட்டுகிற வேலை

எண்பதுகளின் பிற்பாதி. சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பக்கத்து ஏற்றுமதி வளாகத்தில் ஒரு துணிக் கம்பெனி. நானும் சாரதாவும் அங்கேதான் வேலை பார்த்தோம். அவள் தையல் லைனில் காலர் வைப்பாள். நான் செக்கிங்.

செக்கிங் என்றால், தைத்து வருகிற சட்டையை வெளிச்சத்தில் விரித்து, எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே நூல் தொங்குகிறது, எங்கே எண்ணெய்க் கறை என்று கண்டுபிடிப்பது. குறை இருக்கிற இடத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பவேண்டும். ஒரு நாளைக்கு ஒரு அம்புகூட ஒட்டாவிட்டால் சூப்பர்வைசர் வந்து, “தூங்குறியாம்மா?” என்பார். ஆகவே குறை இருந்தே ஆகவேண்டும், தேடினால் கிடைத்தே தீரும் என்று என் கண்ணுக்குப் பழக்கமாகிவிட்டது.

கம்பெனியில் பழகியதை வீட்டு வாசலில் செருப்போடு கழற்றி வைக்க முடியுமா? பால்காரர் பாலில் தண்ணீர், பக்கத்துப் போர்ஷன்காரி என் கொடியில் இருந்து எடுத்த கிளிப், ரேஷன் கடைக்காரரின் தராசுத் தட்டு என்று எல்லாவற்றிலும் மனசுக்குள் அம்பு ஒட்டிக்கொண்டே போவேன். பாதிக்குமேல் சரியாகவும் இருந்து தொலைத்தது. அதுதான் ஆபத்தாகப் போயிற்று.

அப்பா, அம்மா இரண்டு பேரும் இல்லை. சேலையூரில் ஒற்றை அறை, ஒரு சமையல் மூலை, நாலு குடித்தனத்துக்கு ஒரு கிணறு. சாரதாவைவிட நான் ஏழு வயது மூத்தவள். அவளுக்கு ஏதாவது ஆனால் ஊர் என்னைத்தான் கேட்கும் என்று பயந்துகொண்டே இருந்தேன். அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் அதற்கு அடுத்துதான் வந்தது. இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த வரிசையில்தான் இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் கம்பெனியில் ஒரு பெண், காஜா மெஷின் ஓட்டுகிறவனோடு ஓடிப்போனாள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு மாதத்துக்கு வேறு பேச்சே இல்லை. “அக்காக்காரி இன்னா பண்ணிக்கினு இருந்தாளாம்?” என்று ஒருத்தி கேட்டாள். அவள் கேட்டது ஓடிப்போனவளின் அக்காவைப் பற்றி. எனக்கு என்னவோ என்னைப் பார்த்துக் கேட்டதுபோல் இருந்தது. அன்றிலிருந்து என் கண் சாரதாமேல்தான்.

சால்வையும் புகைபோக்கியும்

சாரதா இங்கிலீஷ் கதைப் புத்தகம் படிப்பாள். பத்தாவது வரைக்கும் படித்தவள், அதுவும் தமிழ் மீடியம். அவளுக்கு எதற்கு இங்கிலீஷ் புத்தகம் என்பது என் முதல் சந்தேகம்.

மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனில் இருந்து இறங்கியதும் வருகிற சந்தில், சாமுவேல் என்பவர் ஒரு வாடகைப் புத்தக நிலையம் வைத்திருந்தார். மாவு மில்லுக்குப் பக்கத்தில், ஒரு கட்டில் போட்டால் அடைத்துக்கொள்கிற அளவு இடம். எந்தப் புத்தகத்தைத் தட்டினாலும் கொஞ்சம் மாவு பறக்கும். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்து ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஆஸ்திரேலியா போகும்போது விட்டுப்போகிற புத்தகங்களை எல்லாம் அவர் கோணியில் கட்டிக் கொண்டுவந்துவிடுவார்.

அவற்றில் பாதி ஒரே ஜாதிப் புத்தகங்கள். அட்டையில் ஒரு பெண், தலையைச் சுற்றிச் சால்வை. பின்னால் ஒரு தெரு, அந்தத் தெருவுக்குப் பின்னால் ஒரு புகைபோக்கி. எல்லா அட்டையிலும் மழை பெய்துகொண்டிருக்கும்.

கதையும் அப்படித்தான் என்று சாரதா சொல்வாள். நூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்து. அப்பன் சுரங்கத்திலோ சாராயத்திலோ போய்ச் சேர்ந்திருப்பான். அம்மா இருமிக்கொண்டிருப்பாள். பதினாறு வயசுப் பெண் விடிவதற்கு முன்னால் எழுந்து பஞ்சாலைக்கு ஓடுவாள். மேஸ்திரிக்குக் கெட்ட பார்வை. வீட்டில் ஒரு அத்தையோ சித்தியோ இருந்து அவளை வதைப்பாள். எல்லாவற்றையும் தாண்டிக் கடைசியில் அந்தப் பெண் தன் பெயரில் ஒரு கடைக்குப் பலகை மாட்டுவாள்.

“நம்ம கதைதான்க்கா. மழை மட்டும் ஜாஸ்தி” என்றாள் ஒரு நாள். “அவங்க ஊர்ல பஞ்சாலையெல்லாம் மூடிட்டாங்களாம். அந்தப் பொண்ணுங்க செஞ்ச வேலை இப்போ சுத்தி நம்மகிட்ட வந்திருக்கு.”

எங்கள் கம்பெனிச் சட்டைகள் எல்லாம் இங்கிலாந்துக்குத்தான் போயின. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் நியாயமாகப் பேசுகிறவர்கள்மேல் எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு. இவ்வளவு யோசித்துப் பேசுகிறாள் என்றால், யோசிக்க வைக்கிறவன் ஒருவன் இருக்கவேண்டும் அல்லவா?

ஏழும் நாற்பத்தைந்தும்

ஒரு நாள் அவள் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, அவள் படித்து முடித்து வைத்துவிட்டுப் போன புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் அம்பு ஒட்டுகிறவள் கண்ணுக்குப் படிப்பு எதற்கு?

ஏழாம் பக்கத்தில், மேலே இருந்த எண்ணைச் சுற்றிப் பேனாவால் ஒரு சுழி. வேறெங்கும் ஒரு கோடு இல்லை. புரட்டிக்கொண்டே போனேன். நாற்பத்தைந்தாம் பக்கத்து எண்ணைச் சுற்றி இன்னொரு சுழி. இது பென்சில்.

அடுத்த வாரம் வேறொரு புத்தகம் வந்தது. அதிலும் ஏழில் ஒரு சுழி, நாற்பத்தைந்தில் ஒரு சுழி. அதற்கடுத்த புத்தகத்திலும் அப்படியே.

ஏழு, நாற்பத்தைந்து. தாம்பரத்தில் இருக்கிற யாரிடமாவது இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ஏழே முக்கால் எலெக்ட்ரிக் ட்ரெய்ன் என்றுதான் சொல்வார்கள். நாங்கள் இருவரும் தினமும் எட்டேகாலுக்குப் போகிறவர்கள். அதற்கு அரை மணி முன்னால் கிளம்பினால் அக்காவின் கண்ணில் படாமல் ஒருத்தனைப் பார்த்துப் பேசிவிடலாம். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன.

மறுநாள், கடைக்குப் போகவேண்டும் என்று சொல்லி முன்னதாகவே கிளம்பி ஸ்டேஷனில் போய் நின்றேன். ஏழே முக்கால் வந்தது, போனது. சாரதா வரவில்லை. அடுத்த நாளும் நின்றேன், அதற்கடுத்த நாளும் நின்றேன். அவள் எட்டேகாலுக்குத்தான் வந்தாள், கையில் என் சாப்பாட்டு டப்பாவையும் தூக்கிக்கொண்டு.

புத்தி உள்ளவர்கள் அதோடு விட்டிருப்பார்கள். நானோ, இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறார்களே, அப்படியானால் விஷயம் பெரிசு என்று எண்ணிக்கொண்டேன்.

அந்தத் துண்டுச் சீட்டு

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு துண்டுச் சீட்டு விழுந்தது. சாரதாவின் கையெழுத்துதான். இங்கிலீஷில் இரண்டே சொற்கள், இரண்டுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி.

முதல் சொல்: எஸ், யூ, எம், எம், ஏ, டி. எழுத்துக் கூட்டிப் படித்தேன். சம்மட்.

இரண்டாவது சொல்: என், ஓ, டபிள்யூ, டி.

பத்தாவதுக்கு வாங்கிய சின்ன டிக்‌ஷனரி பரணில் இருந்தது. தூசி தட்டி எடுத்து, இரண்டு சொல்லையும் தேடினேன். இரண்டுமே இல்லை. இங்கிலீஷ் டிக்‌ஷனரியில் இல்லாத இங்கிலீஷ்! அப்படியானால் அது இங்கிலீஷே இல்லை. நம் சொல்லை வெள்ளைக்காரன் எழுத்தில் ஒளித்து எழுதியிருக்கிறாள். சம்மட் என்றால் என்ன? சம்மதம்தான், வேறென்ன? அவசரத்தில் வால் அறுந்துவிட்டது. பக்கத்தில் கேள்விக்குறி வேறு. சம்மதமா?

இரண்டாவது அதைவிடச் சுலபம். என், ஓ, டபிள்யூ என்றால் நௌ, அதாவது இப்போது. ஒற்றை டி என்றால் தாம்பரம். இப்போதே, தாம்பரத்திலா?

கேட்பவன் அவன்கூட இல்லை. இவள் கேட்கிறாள்! அரிசி களைந்து வைத்ததை மறந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சாரதா உள்ளே வந்தாள். சீட்டு இருந்த இடத்தில் சீட்டு, புத்தகம் இருந்த இடத்தில் புத்தகம்.

“அக்கா, நாளைக்கு ஓவர்டைம் போட்டிருக்காங்க. நான் கொஞ்சம் சீக்கிரம் போணும்.”

“ஞாயித்துக்கிழமையா?”

“ஆமாம். அவசர ஆர்டராம்.”

அவசர ஆர்டர் என்றால் தையலுக்குப் பின்னாலேயே செக்கிங்கையும் கூப்பிடுவார்கள். என்னைக் கூப்பிடவில்லை. ஆகவே பொய். அவள் பொய் சொன்னாள் என்பது மட்டும் நான் சரியாகப் பிடித்த விஷயம்.

ஒரு சோதனை

சண்டை போட்டிருக்கலாம். கேட்டிருக்கலாம். எனக்குக் கேட்பதில் நம்பிக்கை கிடையாது. கேட்டால் பதில் வரும், அந்தப் பதிலையும் அல்லவா பிறகு சோதிக்கவேண்டும்?

ஞாயிறு காலை அவள் குளிக்கப் போனதும் ரெக்சின் பையைத் திறந்தேன். கேட் பாஸ் என்பது போட்டோ ஒட்டி முத்திரை குத்திய ஒரு அட்டை. அது இல்லாமல் வளாகத்துக்குள் எறும்புகூட நுழைய முடியாது. கணக்கு இதுதான். நிஜமாகவே கம்பெனிக்குப் போகிறாள் என்றால் பாஸைக் காணோம் என்று திரும்பி வருவாள். வேறெங்காவது போகிறாள் என்றால் அது இல்லாததே அவளுக்குத் தெரியாது. நான் எவ்வளவு புத்திசாலி என்று எனக்கே பெருமையாக இருந்தது.

இப்படியாகத்தான் குடையோடு தூணுக்குப் பின்னால் வந்து சேர்ந்தேன்.

ஏழே முக்கால் ட்ரெய்ன் வந்து நின்றது. சாரதா லேடீஸ் பெட்டியில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். அப்போது மேம்பாலத்துப் படிக்கட்டில் ஒருவர் தடதடவென்று இறங்கி ஓடிவந்தார். வெளுத்த முழுக்கைச் சட்டை, எண்ணெய் போட்டுப் படிய வாரிய தலை. ஜன்னல் வழியாக மடித்த காகிதம் ஒன்றை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் வீட்டில் பார்த்ததே இல்லை. ட்ரெய்ன் நகர்ந்தது.

அவர் திரும்பியபோதுதான் முகம் தெரிந்தது. புத்தகக்கடை சாமுவேல். நாற்பது வயசு, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா!

குடையை மடக்கக்கூட இல்லை. அப்படியே போய் அவர் முன்னால் நின்றேன்.

“என் தங்கச்சிகிட்ட என்னா குடுத்தீங்க?”

“இன்னாமா நீ, திடீர்னு பூதம் மாதிரி வந்து நிக்கிற?” என்றார். “அர்த்தம் எழுதிக் குடுத்தேன்.”

“எதுக்கு அர்த்தம்? சம்மதத்துக்கா?”

“சம்மதமா? சம்மட்மா, சம்மட். சம்திங்க்றத வடக்கு இங்கிலாந்துல ஏழைப்பட்ட ஜனங்க அப்டி சொல்லும். ஏதோ ஒண்ணு. அப்பால நௌட்னா நத்திங், ஒண்ணும் இல்ல. இந்தக் கதைங்கள்ல அதான் நெறைய வரும். டிக்‌ஷனரில இல்லண்ணா, கேட்டு வைங்கன்னு போன வாரமே சொல்லிச்சு, இன்னிக்கி ரயிலேர்றதுக்குள்ள வேணும்னுச்சு. கேட்டுக்கினு வந்தேன்.”

ஏதோ ஒன்று. ஒன்றும் இல்லை. நான் நம்பவில்லை. வாயில் வந்ததைச் சொல்லிச் சமாளிக்கிறார் என்றே தோன்றியது.

“அப்போ ஏழே முக்கால்?”

“இன்னா ஏழே முக்கால்?”

“புஸ்தகத்துல சுழி போட்டிருக்கே, ஏழு, நாப்பத்தஞ்சுன்னு.”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“யம்மா, அந்தப் புக்குங்க அட்டை எல்லாம் ஒண்ணு மாதிரியே கீதா? படிச்சதா, படிக்காததான்னு யாருக்கும் தெர்ல. எடுத்துக்கினு போய் பத்துப் பக்கம் படிச்சிட்டு, அய்யோ இது படிச்சாச்சேன்னு கொண்டாந்து ஒரே பேஜாரு. அதனால ஆளுக்கு ஒரு பக்கம். படிச்சி முடிச்சா அந்தப் பக்கத்து நம்பர்ல சுழி போட்டுடணும். ஏழு, ஏர்ஃபோர்ஸ் குவார்ட்டர்ஸ் மேடமுது. நாப்பத்தஞ்சு உன் தங்கச்சிது. அவங்க ரெண்டு பேர்தான் இத்த விடாம படிக்கிறவங்க.”

இதற்கும் மேல் ஒன்று சொன்னார். “இன்னிக்கி அதுக்கு இன்டர்வியூமா. சாம்பிள் ரூம் வேலைக்கு, வெள்ளக்காரங்களுக்குக் காட்ட மாதிரி சட்டை தெக்கிற எடமாம். இங்கிலாந்துலர்ந்து ஒரு லேடி வந்துகீது, எட்டரைக்கு வரச் சொல்லிக்கீது. உனக்குத் தெரியாதா?”

அரை மணி நேரம்

இந்த இடத்தில் நான் ஓடியிருக்கவேண்டும். அடுத்த ட்ரெய்னைப் பிடித்திருந்தால் எட்டே காலுக்குள் கேட்டில் இருந்திருப்பேன்.

நான் என்ன செய்தேன்? “கடையைத் திறங்க. மத்த புஸ்தகத்தைக் காட்டுங்க” என்றேன்.

“சர்ச்சுக்குப் போய்க்கினு இருக்கேன்மா.”

“காட்டிட்டுப் போங்க.”

பாவம் மனுஷன். பைபிளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மேம்பாலம் ஏறி, மேற்குப் பக்கம் இறங்கி, எனக்காகப் பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கினார். வரிசையாக எடுத்துப் புரட்டினேன். பன்னிரண்டில் ஒரு சுழி. நூற்று ஒன்றில் ஒரு சுழி. முப்பதில் ஒரு பச்சை மைச் சுழி, அது ரிட்டையர்டு தலைமையாசிரியருடையதாம். ஒரு புத்தகத்தில் ஏழு பேருடைய சுழி இருந்தது. ஏழு பேரும் சேர்ந்து ஒரே ரயிலில் ஓடிப்போக முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மணி எட்டு பதினைந்து.

கைப்பையில் இருந்த பாஸ் செங்கல் மாதிரி கனத்தது. மறுபடி பாலம் ஏறி இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமையில் ட்ரெய்ன் குறைவு. பிளாட்பாரத்தில் நான் நின்ற நேரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கடவுளே, அவள் திரும்பி வீட்டுக்குப் போயிருக்கக்கூடாது, உள்ளே விட்டிருக்கவேண்டும், யாராவது தெரிந்தவர்கள் வந்திருக்கவேண்டும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பூக்காரம்மா தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

கேட்

வளாகத்து கேட்டை நான் அடைந்தபோது ஒன்பது மணி ஆகப் பத்து நிமிஷம் இருந்தது. சாரதா வெளியே, சுவர் ஓரமாக நின்றிருந்தாள். பையில் இருந்ததை எல்லாம் கைக்குட்டை விரித்துத் தரையில் கொட்டிப் பார்த்திருக்கிறாள். சீப்பு, பேனா, சாமுவேல் கொடுத்த காகிதம் எல்லாம் கிடந்தன. வியர்வையில் புடவையின் கஞ்சி போய்விட்டிருந்தது.

காவலாளி என்னைப் பார்த்ததும், “நீதான் அக்காவா? இம்மா நேரமா அயுதுக்கினு கீதுமா உன் தங்கச்சி. எனக்கு ஆர்டர் இல்ல, நான் இன்னா பண்ணுவேன்? இன்னிக்கி ஆபீஸ்ல போன் எடுக்கக்கூட ஆள் இல்ல” என்றார்.

நான் பாஸை நீட்டினேன். என்ன சொல்லி நீட்டவேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். கட்டிலுக்கு அடியில் கிடந்தது என்று சொல்லியிருக்கலாம். அவள் பாஸைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பொய் வாயிலிருந்து வரவில்லை.

அவள் அதை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். தரையில் கிடந்த சீப்பையும் பேனாவையும் நான் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.

அரை மணியில் வெளியே வந்தாள். உள்ளே நடந்ததை ட்ரெய்னில் கேட்டேன், ஒரு வரியில் பதில் சொன்னாள். முழுசாகச் சொல்ல அவளுக்குப் பல வருஷம் ஆயிற்று. மற்ற மூன்று பெண்களையும் பார்த்து முடித்துவிட்டார்கள். இங்கிலாந்து லேடி கிளம்பத் தயாராக இருந்தவள், பரவாயில்லை என்று உட்கார்ந்து நாலு கேள்வி கேட்டாள். நீ ஏதாவது கேட்கவேண்டுமா என்று கடைசியில் கேட்டதற்கு, சாரதா “நௌட், மேடம்” என்றிருக்கிறாள். அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்து, தன் அம்மா ஊரில் அப்படித்தான் பேசுவார்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

மேனேஜருக்கு அந்தச் சொல் புரியவில்லை. அவருக்கு ஒரே கேள்விதான். ஏன் லேட்?

“கேட் பாஸை மறந்துட்டேன் சார்.”

“கேட் பாஸையே மறக்கிற பொண்ணுகிட்ட சாம்பிள் ரூம் சாவியைக் குடுக்க முடியுமா?” என்று முடித்துவிட்டார். வேலை வேறொரு பெண்ணுக்குப் போயிற்று.

சாயங்காலம்

அன்று சாயங்காலம் கிணற்றடியில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சம்மதம், தாம்பரம், ஏழே முக்கால் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று ஓர் ஓரத்தில் எதிர்பார்த்தேனோ என்னவோ. அவள் சிரிக்கவில்லை.

“ஏன்டி, இன்டர்வியூன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொல்லியிருந்தா என்ன கேட்டிருப்ப? இத்தனை பேர் இருக்கும்போது உன்னை எதுக்குக் கூப்புட்டான்னு கேட்டிருப்ப. எந்த மேனேஜர், எப்பலேர்ந்து பேசறான்னு கேட்டிருப்ப. கிடைச்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்.”

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அப்படியேதான் கேட்டிருப்பேன்.

“பாஸை நான்தான் எடுத்தேன்னு மேனேஜர்கிட்ட சொல்லியிருக்கலாமே, சாரதா.”

“எப்படி சொல்றது? எங்க அக்கா என் பையிலேர்ந்து திருடிட்டான்னா?”

திருடிட்டா என்ற சொல்லை அவள் கோபமாகச் சொல்லவில்லை. வேறு சொல் கிடைக்காததால் சொன்னாள். மன்னிச்சுக்கோ என்றேன். “சரி, விடுக்கா” என்றாள். வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிற்பாடு நானும் எழுத்துக் கூட்டிக் கூட்டி அந்தப் புத்தகங்களில் ஒன்றைப் படித்து முடித்தேன். நாலு மாதம் பிடித்தது. பஞ்சாலைப் பெண்ணின் கஷ்டத்தைப் படித்து அழுவேன் என்று நினைத்தேன். அவள் பெட்டியைக் குடைகிற சித்தி வருகிற பக்கங்களைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. எந்தப் பக்கத்திலும் நான் சுழி போடவில்லை. சாமுவேல் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு, புத்தகத்தைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்பினேன்.

ஜிப்

சாரதா தோற்றுப்போகவில்லை. இரண்டு வருஷம் கழித்து வேறொரு கம்பெனியில் அதே மாதிரி வேலை கிடைத்தது. தொண்ணூறுகளில் அங்கேயே பெரிய பொறுப்புக்கு வந்தாள். கல்யாணம், குழந்தைகள், குரோம்பேட்டையில் சொந்த வீடு என்று எல்லாம் அவளே பார்த்து அமைத்துக்கொண்டாள். அவளுடைய இங்கிலீஷைக் கேட்டு வெள்ளைக்காரர்கள் இன்றைக்கும் சிரிக்கிறார்களாம், அவளும் சேர்ந்து சிரிக்கிறாளாம்.

என்மேல் அவளுக்குப் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எனக்கு ஆபரேஷன் ஆனபோது பதினோரு நாள் என் பக்கத்தில்தான் இருந்தாள். மாதம் ஒரு தடவை வந்துவிடுவாள். சாப்பிடுவாள், பேசுவாள், என் சந்தேகங்களைக் கேலி செய்வாள். இதை எழுதட்டுமா என்று போன மாதம் கேட்டதற்கு, “எழுதேன், எனக்கென்ன” என்றாள்.

ஆனால் கிளம்பும்போது, வாசலுக்கு வருவதற்கு முன்னால், ஒரு நிமிஷம் நின்று கைப்பையைத் திறந்து பார்ப்பாள். உள்ளே விரலை விட்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பாள். தான் அப்படிச் செய்கிறோம் என்பது அவளுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். மற்றவர்கள் வீட்டில் அவள் அப்படிச் செய்வதில்லை. நான் கவனித்துவிட்டேன், கவனிப்பதுதானே என் தொழில்.

அவள் பையைத் திறக்கும் நேரம் பார்த்து நான் ஏதோ அடுப்பில் இருப்பதுபோல் சமையலறைக்குப் போய்விடுவேன். அடுப்பில் ஒன்றும் இருக்காது. ஜிப் மூடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வந்து, “பார்த்துப் போடி” என்பேன்.